கேஜ் ஃபேக்டர் ரெண்டு இருந்தா போதும்பா

யூடியூப்ல ஒருத்தர் மெல்லிசா ஒரு ரப்பர் துண்டை விரல்ல மாட்டிக்கிட்டு மடக்கி மடக்கி காட்டறார். "ஃப்ரெண்ட்ஸ், பழைய ஸ்ட்ரெய்ன் கேஜ் கதை முடிஞ்சுது. இது அதைவிட ஆயிரம் மடங்கு சென்சிட்டிவ்!" கீழ லைக் குவியுது.

அந்த எரிச்சல்ல தான் இதை எழுத உக்காந்தேன்.

எனக்கு ஏன் வலிக்கணும்? காரணம் இருக்கு. கொஞ்ச மாசமா எங்க வீட்டு கேஸ் சிலிண்டருக்கு அடியில நானே செஞ்ச எடைப் பலகை ஒண்ணு கிடக்கு. சிலிண்டர் எப்பவும் நல்ல நாள்ல, சாதம் பாதி வெந்திருக்கும்போது தான் தீரும். அதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும்னு ஆசை. (அம்மாவோட கருத்து: "சிலிண்டரை ஒரு ஆட்டு ஆட்டினா தெரிஞ்சுடப் போகுது. இதுக்குப் போயி ஒயரு, போர்டுன்னு!") அந்தப் பலகையோட மல்லுக்கட்டினதுல ஒண்ணு மட்டும் மண்டையில நல்லா ஏறிச்சு. சென்சார் எவ்வளவு நுணுக்கமா உணருதுங்கறது ரெண்டாவது கேள்வி. பாரத்தை எடுத்தா பழைய இடத்துக்கே திரும்பி வருதா? நாளைக்கும் இதே நம்பர் காட்டுமா? முதல் கேள்வி அது தான். வீடியோக்காரர் அதைப் பத்தி வாயே திறக்கலை.

விஷயம் புதுசா இருக்கறவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். எதை இழுத்தாலும் கொஞ்சம் நீளும், இரும்பு உட்பட. மொத்த நீளத்துல எத்தனை பங்கு நீண்டுச்சோ, அது தான் ஸ்ட்ரெய்ன். ஒரு மீட்டர் கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டா ஆயிரம் மைக்ரோஸ்ட்ரெய்ன். ஒரு லோட் செல் (தராசுக்குள்ள பாரத்தைத் தாங்கற உலோகத் துண்டு) முழு பாரத்தைத் தாங்கும்போது அதுல ஒட்டியிருக்கற கேஜ் உணர்றது சுமாரா இவ்வளவு தான். அந்தக் கேஜ்ல வேலை செய்யற பாகமே சில மில்லிமீட்டர். மூணு மில்லிமீட்டர்னு வைங்க, அது மூணு மைக்ரான் நீளும். தலைமுடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான் தடிமன். பார்த்துக்குங்க.

இதை எப்படி அளக்கறது? கம்பி நீண்டா அதோட மின்தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ், கூடும். நீளம் கூடுது, கூடவே ஒல்லியாவும் ஆகுது. ரெண்டுமே தடையை ஏத்தும். இதை 1856-லயே இரும்பு, செம்புக் கம்பிகளை எடை கட்டி இழுத்துப் பார்த்துச் சொன்னவர் வில்லியம் தாம்சன். பின்னாடி கெல்வின் பிரபு ஆனாரே, அவரே தான்.

ஸ்ட்ரெய்ன் ஒரு பங்கு மாறினா ரெசிஸ்டன்ஸ் எத்தனை பங்கு மாறுதுங்கறது தான் கேஜ் ஃபேக்டர். சாதாரண உலோகக் கேஜுக்கு இது சுமாரா 2. ஆக, ஆயிரம் மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு ரெசிஸ்டன்ஸ் மாறுறது 0.2 சதவீதம். 350 ஓம் கேஜ்ல 0.7 ஓம்.

அவ்ளோ தான். முக்கால் ஓம் கூட இல்லை. இதை வச்சுத் தான் நகைக்கடைத் தராசு, லாரி எடை மேடை எல்லாம் ஓடுது.

அப்போ கேஜ் ஃபேக்டர் 2000 இருக்கற சென்சார் வந்தா கொண்டாட வேண்டியது தானேன்னு கேப்பீங்க. இருங்க. சிலிண்டருக்கு வர்றேன்.

பலகையில இருக்கறது பாத்ரூம் எடை மெஷின்ல நாலு மூலையிலயும் இருக்குமே, அந்த 50 கிலோ லோட் செல்கள். ஒவ்வொண்ணுலயும் மூணு ஒயர். நாலையும் சேர்த்து ஒரு வீட்ஸ்டன் பிரிட்ஜா கட்டணும். ரெசிஸ்டன்ஸ்ல வர்ற துளி மாற்றத்தை வோல்டேஜா காட்டற சர்க்யூட் அது. (வீட்ஸ்டன் பிரிட்ஜைக் கண்டுபிடிச்சது வீட்ஸ்டன் இல்லை. 1833-ல சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் 1843-ல அதைப் பிரபலப்படுத்தினார், கிறிஸ்டி பேரை நேர்மையா சொல்லியும் வச்சார். ஆனா ஊரு இவர் பேரையே பிடிச்சுக்கிச்சு.) அதுக்கப்புறம் அந்த வோல்டேஜை நம்பரா மாத்த எச்எக்ஸ்711-னு ஒரு சின்ன சிப். 24 பிட், விலையும் கம்மி. சென்னை ரிச்சி தெருவுல எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில கேட்டாலும் கிடைக்கும்.

இந்த செல்லோட ஒயரிங்கை விட, அதை உக்கார வைக்கிறது தான் சூட்சுமம். நடுவுல ஒரு நாக்கு மாதிரி தகடு நீட்டிக்கிட்டு இருக்கும். வளையறது அது தான். அதுக்கு அடியில காலி இடம் விடணும், சுத்தி இருக்கற சட்டத்தை மட்டும் தாங்கணும். நேரா பலகையில படுக்க வச்சு ஒட்டினா நாக்கு வளையவே வளையாது. நீங்க மேல ஏறி நின்னாலும் நம்பர் அசையாது.

இப்போ கணக்கு. நாலும் சேர்ந்து 200 கிலோ. முழு பாரத்துக்கு ஒரு வோல்ட்டுக்கு ஒரு மில்லிவோல்ட் தரும். 5 வோல்ட் குடுத்தா 5 மில்லிவோல்ட். அப்படின்னா ஒரு கிலோவுக்கு 25 மைக்ரோவோல்ட். நூறு கிராம் கேஸுக்கு ரெண்டரை மைக்ரோவோல்ட். பயமா இருக்கா? எச்எக்ஸ்711 இதை அலட்டிக்காம படிக்குது. அதோட சொந்த இரைச்சல் இதை விட ரொம்ப ரொம்பக் கம்மி. ஆக, நுணுக்கம் பத்தலைங்கற பிரச்சனையே எனக்கு வரலை.

வந்த பிரச்சனை வேற. மத்தியானம் ஆனா கேஸ் கூடிச்சு.

ஆமா, நிஜமாத் தான். காலையில மீதி 8 கிலோ. சமைச்சு முடிச்சு, வெயில் ஏறினதும் பார்த்தா எட்டரை. சாயங்காலம் மறுபடி எட்டுக்குக் கீழ. வீட்டுல கேஸ் ஊற்று ஏதும் தோன்றிடுச்சான்னு ஒரு நிமிஷம் சந்தோஷமாக் கூட இருந்துச்சு.

ஊற்று எல்லாம் இல்லை, வெப்பம் தான். கேஜ் கம்பி பெரும்பாலும் கான்ஸ்டன்டன்ங்கற உலோகக் கலவை. செம்பு 55, நிக்கல் 45, சுமாரா இந்த விகிதம். சூடு ஏறினாலும் இதோட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட மாறாது. இதைத் தேர்ந்தெடுத்ததுக்கு முக்கியக் காரணமே அது தான். ஆனா அதுல இருந்து வெளிய வர்ற ஒயர் செம்பு. செம்புக்கு ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் ஏறும். அது போக இன்னொரு வில்லங்கம்: கான்ஸ்டன்டனும் செம்பும் சேர்ற இடம் ஒரு தெர்மோகப்பிள்! தொழிற்சாலைகள்ல வெப்பம் அளக்கவே 'டி வகை'ன்னு இந்த ஜோடியை விக்கறாங்க. ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 40 மைக்ரோவோல்ட் குடுக்கும்.

மேல போட்ட கணக்கோட சேர்த்துப் பாருங்க. ஒரு கிலோவுக்கு 25 மைக்ரோவோல்ட். ரெண்டு சாலிடர் மூட்டுக்கு நடுவுல ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலே ஒண்ணரை கிலோ பொய் சொல்லலாம். எல்லா மூட்டும் ஒரே சூட்டுல இருந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சு சமமாயிடும். ஆனா எங்க சமையலறை ஜன்னல் வெயில் பலகையோட ஒரு மூலையில மட்டும் வந்து விழுது. வேற என்ன வேணும்?

இதுக்கு நான் புதுசா பார்ட்ஸ் எதுவும் வாங்கலை. மூலைகளுக்குத் தெர்மாகோல் மூடி போட்டேன். ரீடிங்கை விடியக்காலை நாலு மணிக்கு மட்டும் எடுக்கச் சொல்லி புரோகிராம்ல மாத்தினேன். அடுப்பு அணைஞ்சு பல மணி நேரம் ஆயிருக்கும், வெயிலும் இல்லை, எல்லா மூலையும் ஒரே சூடு. ஒரு நாளைக்கு ஒரே நம்பர். அதுவரைக்கும் குதிச்சுக்கிட்டு இருந்த கோடு அப்புறம் ஒழுங்கா இறங்க ஆரம்பிச்சுது. கேஜ் ஃபேக்டர் 2000 இருந்தா எனக்கு இதுல என்ன கிடைச்சிருக்கும்? அந்த மாதிரி சென்சார் பலதும் வெப்பத்தையும் அதே ஆர்வத்தோட உணரும்.

சிலிக்கானையே எடுத்துக்குங்க. 1954-ல பெல் லேப்ஸ்ல சார்லஸ் ஸ்மித் சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் அழுத்தினா ரெசிஸ்டன்ஸ் தாறுமாறா மாறுதுன்னு காட்டினார். கேஜ் ஃபேக்டர் நூறைத் தாண்டும். இன்னைக்குச் சின்னச் சின்ன பிரஷர் சென்சார்கள்ல அது தான் ராஜா. ஆனா தராசுல அது கான்ஸ்டன்டனைத் துரத்தலை. வெப்பத்துக்கு ரொம்பவே ஆடும். அதைத் திருத்த பக்கத்துலயே ஒரு சர்க்யூட் உக்காந்து வேலை பார்க்கணும்.

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். டிசைன்.

ஃபாயில் கேஜை லென்ஸ் வச்சுப் பாருங்க. சில மைக்ரான் தடிமன் உலோகத் தாளை அரிச்சு எடுத்த கோடு, மேலயும் கீழயுமா வளைஞ்சு வளைஞ்சு போகும். ஏன் வளையணும்? நீளமான கம்பி சின்ன இடத்துல அடங்கணும், அதுக்குத் தான். திரும்பற முனைகள் மட்டும் குண்டா இருக்கும். அந்த முனைகள் குறுக்கு வாட்டுல ஓடுது இல்லையா, அது குறுக்கு இழுப்பை உணரக் கூடாது. அகலமாக்கினா அங்க ரெசிஸ்டன்ஸ் கம்மி, அதனால உணர்றதும் கம்மி.

இது வரைக்கும் எனக்கும் தெரிஞ்சது தான். இதுக்கு மேல இருக்கறது தெரிஞ்சப்போ ரெண்டு நாள் யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். (கேட்டவங்க பாவம்.)

ஒரு பாரத்தைத் தராசுல வச்சுட்டு அப்படியே விட்டா, உலோகம் மெதுவா இன்னும் துளியூண்டு விட்டுக்குடுக்கும். ரீடிங் ஏறும். அதே நேரம் கேஜைத் தாங்கற பிளாஸ்டிக் படலமும் பசையும் மெதுவாத் தளரும். கேஜ் தன்னோட பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். ரீடிங் இறங்கும். இதை எல்லாம் க்ரீப்புன்னு சொல்றாங்க. லோட் செல் செய்யறவங்க என்ன பண்றாங்க தெரியுமா? அந்தக் குண்டு முனை இருக்கே, அதோட நீளத்தை மாத்தறாங்க. முனை நீளமா இருந்தா பிடிமானம் கூடும், தளர்ச்சி குறையும். குட்டையா இருந்தா தளர்ச்சி கூடும். உலோகத்தோட ஏற்றத்தையும் பசையோட இறக்கத்தையும் ஒண்ணுக்கொண்ணு கழியற மாதிரி முனையோட நீளத்தைத் தேர்ந்தெடுக்கறாங்க. ஒரே கேஜ் பல முனை நீளத்துல, தனித்தனி குறியோட விலைக்கு வருது. ரெண்டு தப்பைச் சேர்த்து ஒரு சரியை உண்டாக்கறாங்க, அதுவும் கண்ணுக்கே தெரியாத ஒரு உலோகத் துணுக்கோட நீளத்தை வச்சு! மாசக்கணக்கா இறக்காத சிலிண்டர் பாரத்தை வச்சிருக்கற என்னை மாதிரி ஆளுக்கு இது தான் உயிர்நாடி.

வெப்பத்துக்கும் இதே தந்திரம். கான்ஸ்டன்டனை வாட்டிப் பதம் பண்ணி, அது ஒட்டப் போற உலோகம் விரியற அளவுக்கு ஈடா அதோட ரெசிஸ்டன்ஸ் எதிர்ப்பக்கம் நகர்ற மாதிரி செய்யறாங்க. அதனால எஃகுக்குத் தனி கேஜ், அலுமினியத்துக்குத் தனி கேஜ். எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்துல சுமார் 11 பங்கு விரியும், அலுமினியம் 23 பங்கு. மாத்தி ஒட்டினா, ஒரு பாரமும் வைக்காமயே நம்பர் நடை போடும்.

கேஜ் மட்டும் இல்லை, அது ஒட்டியிருக்கற கட்டையும் டிசைன் தான். மளிகைக்கடைத் தராசைப் பிரிச்சா ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். நடுவுல ரெண்டு வட்ட ஓட்டை, சேர்த்துக் குடைஞ்சிருக்கும். ஓட்டைக்கு மேலயும் கீழயும் உலோகம் மெல்லிசா நிக்கற நாலு இடத்துல நாலு கேஜ். ரெண்டு நீளும், ரெண்டு சுருங்கும். பாரம் வச்சா கட்டை இணைகரம் மாதிரி நேரா கீழ இறங்கும். அதனால தக்காளியைத் தட்டோட ஓரத்துல வச்சாலும் நடுவுல வச்சாலும் ஒரே எடை. எளிமையான வேலை, எனக்கு அதுல அவ்வளவு மரியாதை.

வரலாறு கொஞ்சம், ருசிக்கு. உலோகக் கம்பியை நேரா பொருள் மேலயே ஒட்டிடலாம்ங்கற யோசனை 1930-களோட பிற்பாதியில ரெண்டு பேருக்குத் தனித்தனியா வந்துச்சு. எம்ஐடியில ஆர்தர் ரூஜ், பூகம்பத்துல தண்ணித் தொட்டி எப்படி ஆடுதுன்னு மாதிரி செஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தவர். கால்டெக்ல எட்வர்ட் சிம்மன்ஸ். ரூஜோட கண்டுபிடிப்பைப் பார்த்த எம்ஐடி காப்புரிமைக் கமிட்டி, இதுக்கு வியாபாரத்துல பெரிய எதிர்காலம் தெரியலைன்னு உரிமையை அவர்கிட்டயே விட்டுக்குடுத்துடுச்சு. (கமிட்டி!) சிம்மன்ஸ் உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போய், 1949-ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஏறி ஜெயிச்சார். பின்னாள்ல பழைய காலத்து ராஜசபை ஆள் மாதிரி இறுக்கமான கால்சட்டை போட்டுக்கிட்டு பசடீனா தெருவுல நடமாடுவாராம். யார் கேக்கறது?

நானும் ஒரு கேஜைத் தனியா வாங்கி ஒட்டிப் பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். ரிச்சி தெருவுல கேட்டா, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தனி கேஜா? நீங்களே ஒட்டப் போறீங்களா சார்?"

"ஆமாண்ணே."

"ஒட்டினதே இருக்கே சார், அதை எடுத்துட்டுப் போங்களேன்."

அனுபவஸ்தர். ஒட்டறது தான் பாதி சென்சார்ங்கறது ஒட்டும்போது தான் புரியும். நான் எடுத்துக்கிட்டது ஸ்டீல் ஸ்கேல். 320 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சை நனைச்சு ஒரே திசையில துடைக்கணும், அழுக்கான பஞ்சு திரும்ப வரக் கூடாது. அப்புறம் விரலே படக் கூடாது. கேஜை செல்லோ டேப்ல பிடிச்சு, இடம் பார்த்து, ஒரு ஓரமா தூக்கி, இன்ஸ்டன்ட் பசை ஒரு சொட்டு விட்டு, டேப்பை வழிச்சு இறக்கி, கட்டைவிரலால ஒரு நிமிஷம் அழுத்தணும். கட்டைவிரல் சூடும் பசை இறுக உதவும். அந்தப் பசை காத்துல இருக்கற ஈரத்தை வச்சுத் தான் இறுகுது. சென்னையில ஈரத்துக்கா பஞ்சம்? ஆனா வருஷக்கணக்குல அதே ஈரம் பசையைக் கெடுக்கவும் செய்யும். அதனால லோட் செல் செய்யற இடங்கள்ல எபாக்ஸி வகைப் பசை போட்டு, இறுக்கிப் பிடிச்சு, அவன்ல சுட்டு எடுப்பாங்க. மேல சிலிக்கோன் பூசுவாங்க.

ஸ்கேலை மேஜை ஓரத்துல நீட்டி வச்சு நுனியில ஊதினேன். நம்பர் நகர்ந்துச்சு. ஊதினதுக்கு! கேஜ் ஃபேக்டர் ரெண்டு தான் அய்யா.

சரி, ரப்பர் பக்கம் வருவோம். நியாயமா இருக்கணும் இல்லையா. கரித்தூள் கலந்த ரப்பர் கயிறு ஒண்ணு வாங்கி, இடுப்பு பெல்ட்ல தச்சு, மூச்சு அளக்கப் பார்த்தேன். இழுத்தா ரெசிஸ்டன்ஸ் ஜோரா ஏறுது. விட்டா? மெதுவா, ஆடி அசைஞ்சு, நிமிஷக்கணக்குல இறங்குது. பழைய இடத்துக்கு வந்த மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு. எத்தனை சென்டிமீட்டர் நீண்டுச்சுன்னு இதைக் கேட்டா உருப்படியான பதில் வராது. ஆனா நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு கேட்டா? கச்சிதம். ஏறி இறங்கறதை எண்ணினா போதுமே. உலோகக் கேஜை அந்த அளவுக்கு இழுத்தா அறுந்தே போகும்.

இதெல்லாம் புதுசுன்னு நினைக்காதீங்க. 1953-லயே ஆர். ஜே. விட்னி மெல்லிய ரப்பர் குழாய்ல பாதரசத்தை நிரப்பி, கை காலைச் சுத்திக் கட்டி, ரத்தம் பாயறதுல கை எவ்வளவு பருக்குதுன்னு அளந்தார். இப்போ பாதரசத்துக்குப் பதிலா காலியம்–இண்டியம் கலவை. அறை வெப்பத்துல திரவம். சிலிக்கோன் ரப்பர்ல முடி மாதிரி வாய்க்கால் வெட்டி நிரப்பறாங்க. நீளம் ரெண்டு மடங்கு ஆனா ரெசிஸ்டன்ஸ் நாலு மடங்கு, திரவம்ங்கறதால திரும்பி வர்றதும் ஒழுங்கு. (அலுமினிய லோட் செல் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க. காலியம் அலுமினியத்துக்குள்ள இறங்கி அதை நொறுங்க வச்சுடும்.)

டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில ஜொனாதன் கோல்மன் குழு 2016-ல குழந்தைங்க விளையாடற சில்லி புட்டியில கிராஃபீனைக் கலந்துச்சு. கேஜ் ஃபேக்டர் 500-க்கு மேல, மேல நடந்து போன சின்னச் சிலந்தியோட காலடி கூட ரீடிங்ல தெரிஞ்சுது. 2014-ல சியோல்ல சிலந்தியோட காலையே பார்த்துக் காப்பியடிச்சாங்க: அதுல இருக்கற பிளவு உறுப்பு மாதிரி, மெல்லிய பிளாட்டினப் படலத்துல வேணும்னே விரிசல் விட வச்சு, 2000-க்கு மேல கேஜ் ஃபேக்டர் வாங்கினாங்க. ஆனா அது ரெண்டு சதவீத நீட்சிக்குள்ள. ஜப்பான்ல கார்பன் நானோகுழாய்ப் படலம் 280 சதவீதம் வரைக்கும் நீண்டுச்சு. எல்லாமே அபாரமான வேலை. தொண்டை அதிர்வு, நாடித்துடிப்பு, விரல் மடக்குன்னு அதுக்குன்னு இடம் இருக்கு. அதைச் செஞ்சவங்களும் தராசை ஒழிக்கறோம்னு கிளம்பலை. கிளம்பினது வீடியோக்காரர்.

வீட்டுலயே விளையாடணும்னா செலவே இல்லாத ஒண்ணு சொல்றேன். பென்சில். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல ஜியாசிங் ஹுவாங் குழு 2014-ல கட்டுரையாவே போட்டாங்க. பேப்பர்ல பென்சில் கோடு ஒரு ஸ்ட்ரெய்ன் கேஜ். கோடு வெளிப்பக்கம் இருக்கற மாதிரி வளைச்சா கிராஃபைட் துகள்கள் விலகி ரெசிஸ்டன்ஸ் ஏறும். உள்பக்கமா வளைச்சா நெருங்கி இறங்கும்.

கொஞ்சம் தடிமனான அட்டை எடுத்துக்குங்க, விசிட்டிங் கார்டு போதும். 6பி பென்சிலால குதிரை லாடம் மாதிரி ஒரு பட்டை, நல்லா அழுத்தி, பல தடவை தீட்டுங்க. ரெண்டு முனையிலயும் முதலைவாய் க்ளிப், மல்டிமீட்டரை கிலோ ஓம்ல வைங்க. வளைங்க, நிமித்துங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சாயங்காலம் முழுக்க இதை விடலை, எச்பி, 2பின்னு மாத்தி மாத்தி வரைஞ்சு எது அதிகமா குதிக்குதுன்னு பட்டியலே போட்டான். செஞ்சு பார்க்கறவங்க க்ளிப் கடிக்கற இடத்துல அலுமினியத் தாளைச் சுத்திக்குங்க, இல்லைன்னா க்ளிப்போட ஆட்டம் தான் ரீடிங்ல தெரியும். மழை நாள்ல வேண்டாம். அட்டை ஈரம் இழுத்துக்கிட்டு, நீங்க தொடாமயே நம்பர் ஓடும்.